மீனுக்கு வாங்கிய அசிட்

அசிட்டின் நெடியை முதலில் அறிவது மூக்கு அல்ல, கண். போத்தலின் மூடியைப் பாதி திருகும்போதே கண்ணோரம் கரிக்கத் தொடங்கிவிடும். பிறகுதான் அது மூக்குக்குள் ஏறி, தொண்டையில் இறங்கி, பித்தளைச் சாவியை வாயில் வைத்துச் சப்பியதுபோல ஒரு புளிப்பை அங்கே விட்டுவிட்டுப் போகும். யாழ்ப்பாணக் கரையோரக் குருநகரில் எங்கள் வீட்டு நடு அறையில் ஒரு மாரிகாலம் முழுவதும் அந்த நெடி நின்றது. மெழுகுதிரி மணம், ஈர வலை மணம், அம்மா பொரிக்கும் கருவாட்டு மணம் எல்லாவற்றுக்கும் நடுவில் அதுவும் ஒரு குடும்ப அங்கத்தவரைப்போல இருந்தது. மற்ற வீடுகளில் "கக்கூஸ் அசிட்" என்று சொல்லி மலசலகூடம் கழுவ வாங்கும் அந்தச் சாமானை நாங்கள் மீனுக்காக வாங்கினோம். இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள்.

அப்பா கடற்றொழிலாளி. சவிரிமுத்து என்ற பெயரைக் குருநகரில் யாரும் முழுதாகச் சொல்லிக் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவர் "சவரியண்ணை". சண்டை முடிந்து, கடலில் இருந்த கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக எடுபட்டு, இனியாவது நிம்மதியாகத் தொழில் செய்யலாம் என்று எல்லாரும் வள்ளங்களுக்குப் புது நிறம் பூசிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவருக்கு வலிப்பு வந்தது. வந்த இடமும் பார்த்து வந்தது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், வலை இழுத்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்து தண்ணீருக்குள் போய்விட்டார். கூடப் போயிருந்த தேவதாஸ் மாமா, அம்மாவின் தம்பி, பின்னாலேயே குதித்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் பிடித்து இழுத்து எடுத்தார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த வைத்தியர், மருந்தை ஒழுங்காகக் குடித்தால் நடமாடித் திரியலாம், நெருப்புக்குக் கிட்டப் போகக் கூடாது, கடலுக்கு மட்டும் இனிமேல் போகவே கூடாது என்று சொன்னார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டபோது, "உந்த டொக்டர் கடலைக் கண்ணாலையாவது கண்டிருப்பாரோ?" என்று கேட்டார். அம்மாவின் முகம் போன போக்கு எனக்கு இப்போதும் தெரிகிறது.

கண்ணாடிப் பெட்டியின் யோசனை அம்மாவுடையது. அடுத்த முறை ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போனபோது, காத்திருக்கும் இடத்தில் வெளிச்சம் போட்ட ஒரு மீன் தொட்டி இருந்ததாம். எங்கே போனாலும் கதிரையில் நிலையாக இருக்க மாட்டாத அப்பா அதன் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாராம். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு கணக்குப் போட்டார். மீன்காரக் குடும்பத்தில் பிறந்து மீன்காரனுக்கே வாழ்க்கைப்பட்ட ஒருத்தி மட்டுமே போடக்கூடிய பிழையான கணக்கு அது. "மனுசனுக்கு வேண்டியது மீன்தானே? கண்ணுக்கு முன்னாலை மீனைக் கொண்டுவந்து வைச்சால் வீட்டிலை கிடக்கும்" என்றார். கடலும் மீனும் ஒன்றென்று அவர் நினைத்தார்.

பெட்டி வந்த அன்று என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "உந்த மீன் உயிரோடை இருக்குமட்டும் அப்பா வீட்டிலை இருப்பார். நீதான் பள்ளிக்கூடத்திலை படிக்கிற பிள்ளை, நீதான் பாக்கோணும்" என்று சொன்னார். நான் வீட்டில் ஒரே பிள்ளை, ஏழாம் வகுப்பு. அம்மா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அதாவது, மீன் செத்தால் அப்பா கடலுக்குப் போவார், கடலுக்குப் போனால் அப்பா சாவார். அந்த இரண்டு வரியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு நான் எப்படிக் கணக்கும் சமயமும் படித்தேன் என்று தெரியவில்லை.

வீட்டு முன் குறுகலான ஒழுங்கையில் அயலவர்கள் எங்களைப் படாதபாடு படுத்தினார்கள். மீன் பிடித்து விற்கிற வீட்டில் காசு கொடுத்து மீன் வாங்கி, அதற்குச் சாப்பாடும் வாங்கிப் போட்டால் சும்மா விடுவார்களா? "குழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது, பிறகென்ன மீன்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தேவதாஸ் மாமா ஒருநாள் பெட்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, மிகவும் அக்கறையாக, "அத்தான், உதுக்கு எத்தினையாம் நம்பர் வலை போடுறது?" என்று கேட்டார். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் எழுந்து வாசலுக்குப் போய், கடற்கரைப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இருந்தார். பிறகு மறுபடி எழுந்தார்.

அதுதான் அந்தக் காலம் முழுவதும் எங்கள் வீட்டின் நிலை. அப்பா இருப்பார், எழும்புவார், யன்னலைத் திறப்பார், காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்துவிட்டுச் சாத்துவார், சாத்திய யன்னலைத் திறந்து மறுபடி பார்ப்பார், வாசலில் யாருடைய சைக்கிள் போனாலும் "இண்டைக்கு வலையிலை என்ன பட்டது?" என்று கேட்பார், பதில் வருவதற்குள் அந்தச் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்பிவிடும். அவர் எழும்பும் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கை வேலையில் நிற்கும். அம்மாவின் கை நின்றால் என் புத்தகமும் நிற்கும். மூன்று பேரும் ஒருவர் காலடியை ஒருவர் கேட்டுக்கொண்டே திரிந்தோம்.

மீன்களோ ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. அவை "ஏஞ்சல்" மீன்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு, மேலும் கீழும் பாய் விரித்ததுபோல நீண்ட செட்டை. முதல் மீன் செத்தபோது அப்பா வாலில் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சும்மா இருந்து என்ன செய்யிறது, வள்ளத்தைப் போய் ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று புறப்பட்டார். அடுத்தது செத்தபோது எஞ்சினுக்கு எண்ணெய் போட்டார். இன்னொன்று செத்தபோது வீட்டுப் பின்புறக் கோடியில் சுருட்டி வைத்திருந்த வலையை எடுத்து விறாந்தையில் விரித்துக் கிழிசல்களைப் பொத்தத் தொடங்கினார். அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்வது?

நான் மீன் விற்ற கடைக்கு ஓடினேன். பட்டணத்தில் பேருந்து நிலையத்துக்குக் கிட்ட இருந்த சின்னக் கடை. கொழும்பில் இந்தத் தொழிலைப் பழகிக்கொண்டு வந்த ஒரு இளைஞர் நடத்தினார். எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். குருநகர்க் கிணறுகளின் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் என்ற தண்ணீர் வண்டி வரும், அதற்கு முன்னால் வாளிகளும் கான்களும் வரிசை கட்டி நிற்கும். அம்மா சண்டை பிடித்து வாங்கும் அந்த நல்ல தண்ணீரில் பாதியும், மிச்சத்துக்குக் கிணற்றுத் தண்ணீருமாகக் கலந்து ஊற்றுகிறோம் என்றேன். அவர் தலையில் கை வைத்தார். "தங்கச்சி, உது ஆத்து மீன். உவரும் சரிவராது, சுண்ணாம்பும் சரிவராது. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்கு மேலைதானே இருக்கு, பவுசர்த் தண்ணியிலையும் அது கிடக்கும். சோதிச்சுப் பாத்து ஊத்தோணும்" என்றார். சோதிக்கிற மருந்துப் பெட்டி கொழும்பில்தான் கிடைக்கும், விலையும் அதிகம், ஆனால் கொஞ்சம் அசிட் இருந்தால் வீட்டிலேயே ஒரு மாதிரிப் பார்க்கலாம் என்று அவரே வழியும் சொன்னார். செம்பருத்தி என்று சிலர் சொல்லும் செவ்வரத்தம்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் வரும் சாற்றைப் பற்றி எங்களுக்கு விஞ்ஞானப் பாடத்தில் ஏற்கெனவே படிப்பித்திருந்தார்கள். அந்தச் சாற்றைத் தொட்டித் தண்ணீரில் விட்டால் அது நீலமும் பச்சையுமாக மாறும். அதற்குள், தண்ணீரில் கலந்து ஐதாக்கிய அசிட்டைத் துளித்துளியாக விட்டு, சிவக்கும்வரை எத்தனை துளி போகிறது என்று பார்த்தால், துளி கூடக் கூடச் சுண்ணாம்பும் கூட. இவ்வளவுதான் வித்தை. எனக்கு உலகமே கைக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது.

நேரே ஒரு இரும்புக்கடைக்குப் போனேன். பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல், வியர்த்துக் கொட்டிய முகம். "அசிட் இருக்கோ?" என்று கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆருக்குப் பிள்ளை?" என்றார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, "மீனுக்கு" என்றேன். அதைவிட மோசமான பதிலை நான் யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அவர் கல்லாவை விட்டு எழும்பி வந்து, என்னை வாங்கில் இருத்தி, ஒரு குளிர்பானப் போத்தலைத் திறந்து கையில் தந்து, "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ? அம்மா பேசினவவோ? பள்ளிக்கூடத்திலை ஆரும் என்னவும் சொன்னதோ?" என்று மெதுவாக விசாரித்தார். நான் ஏஞ்சல் மீனைப் பற்றி விளக்கினேன். விளக்க விளக்க அவருடைய முகத்தில் கவலை கூடிக்கொண்டே போனது. கடைசியில், "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, தாறன்" என்று அனுப்பிவிட்டார்.

நான் சைக்கிளில் வீட்டுக்கு வந்து சேருமுன்பே செய்தி வந்துவிட்டது. அந்த இரும்புக்கடையில் அடுத்த வீட்டு றோசாக்காவின் புருசன் ஆணி வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒழுங்கை வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள், அம்மா அவர்களுக்கு நடுவிலிருந்து ஓடி வந்து, சைக்கிளில் இருந்து நான் இறங்குவதற்குள் கன்னத்தில் ஒரு அடி போட்டு, அடித்த கையாலேயே என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழறி அழுதார். அப்பா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் நிறம் செத்துப்போயிருந்தது. இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சண்டைக்குப் பிந்திய அந்த வருடங்களில், பிள்ளை ஒன்று என்னத்தையோ எடுத்துக் குடித்துவிட்டது என்ற கதையைக் கேள்விப்படாத ஒழுங்கை எங்கள் பக்கத்தில் இல்லை. நான் ஆத்திரத்தில், "எனக்கில்லை, மீனுக்கு! மீனுக்கு!" என்று கத்தினேன். றோசாக்கா, "அய்யோ பிள்ளைக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் அம்மாவே போய் வாங்கி வந்தார். "கக்கூஸ் கழுவ எண்டு சொன்னன். மீனுக்கெண்டால் ஆர் நம்புவினம்?" என்றார். பழைய சாராயப் போத்தலில் ஊற்றி, தகர மூடி போட்டுத் தந்திருந்தார்கள். அதை வீட்டில் எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. குசினியில் வைத்தால் யாராவது மாறி எடுத்துவிடலாம், குளியலறையில் வைத்தால் அப்பா விழுந்தெழும்பும்போது உடைந்துவிடலாம். அம்மா யோசித்து யோசித்து, நடு அறையில் மாதாவின் சிலையான சுருவம் இருக்கும் மேடையில், சுருவத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அங்கே தன்னைத் தவிர யாரும் கை வைக்கமாட்டார்கள் என்பது அவருடைய துணிவு. தகரக் கிரீடம் வைத்த மாதாவும் சாராயப் போத்தலில் அசிட்டுமாக அந்த மேடை இருந்த கோலத்தைப் பங்குச் சுவாமியார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஐதாக்கும் வேலை ஒரு ஞாயிறு பின்னேரம் கிணற்றடியில் நடந்தது. ஜாம் போத்தலில் தண்ணீர். மருந்தகத்தில் வாங்கிய ஊசிக் குழாயில் அசிட். என் கையில் பிளாஸ்ரிக் பையைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார் அம்மா. வலிப்புக்காரர் அசிட்டைத் தொடக் கூடாது என்பதால் அப்பாவுக்குப் படியில் இடம். ஏதும் நடந்தால் ஊற்றுவதற்கென்று அம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டே நின்றார், கீழே வைக்கவில்லை. "தண்ணிக்குள்ளைதான் அசிட் விடோணும், அசிட்டுக்குள்ளை தண்ணி விடப்படாது" என்று அம்மா சொன்னார். அதையே அப்பாவும் சொன்னார், பற்றரிக்குத் தண்ணீர் விட்டுப் பழகியவர். அதையேதான் எனக்கு ஆசிரியரும் சொல்லியிருந்தார். மூன்று பேரும் ஒரே விசயத்தை ஒருவர்மேல் ஒருவர் கத்திக்கொண்டிருந்தபோது முதல் துளி விழுந்தது. போத்தல் என் கைக்குள் இலேசாகச் சுட்டது. ஒரு துளி தவறிச் சீமெந்துத் தரையில் பட்டுச் சீறி நுரைத்தது. அம்மா வாளியோடு கவிழ்த்தார், தரைக்கு அல்ல, எனக்கு.

அதன் பிறகு எனக்குப் பிசாசு பிடித்ததுபோல ஆகிவிட்டது. கண்ட தண்ணீரையெல்லாம் சோதித்தேன். எங்கள் கிணறு, கோயில் கிணறு, பவுசர், மானிப்பாயில் சின்னம்மா வீட்டுக் கிணறு எல்லாம் கொண்டுவந்து வரிசையாக வைத்துத் துளி விட்டேன். ஊருக்குள் பெயர் எடுத்த "நல்ல தண்ணி" கூடத் துளிகளை விழுங்கிக்கொண்டே போனது. தன் கிணற்றைப் பற்றி அப்படிச் சொன்னதற்காகச் சின்னம்மா எங்களோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாரி மழை பிடித்ததும் கூரைத் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தேன். ஒரு துளியிலேயே சிவந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தொட்டியை முழுதாக இறைத்து, மழைத் தண்ணீரும் கொஞ்சம் பவுசர்த் தண்ணீருமாக நிரப்பி, மிஞ்சியிருந்த இரண்டு மீனோடு புதிதாக ஒரு சோடியையும் வாங்கி விட்டோம். அப்பா வலையைச் சுருட்டிக் கோடியில் வைத்தார். அம்மா அன்றைக்கு மாதாவுக்கு இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார்.

ஆனால் அடுத்த கிழமை சோதித்தபோது துளிகள் கூடியிருந்தன. மீன் கடைக்காரர் சொன்னபடி, ஊற்றப் போகும் வாளித் தண்ணீரில் கொஞ்சம் அசிட் விட்டு, ஆறவைத்து, ஊற்றி அளவை இறக்கினேன். இறங்கியது. அதற்கடுத்த கிழமை மறுபடி ஏறியிருந்தது. நான் இறக்க, அது ஏற, நான் இறக்க, அது ஏற, கணக்கு எங்கே பிழைக்கிறது என்று விளங்காமல் பாடசாலையில் ஆசிரியர் கேட்ட கேள்விக்கெல்லாம் பேய் முழி முழித்தேன். மீன்கள் மூலையில் ஒதுங்கிச் செட்டையை மடித்துக்கொண்டன. அப்பா நாள் முழுவதும் பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, முழங்காலை ஆட்டிக்கொண்டு, அவற்றையே பார்த்திருந்தார். ஒன்று மட்டும் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது: அப்பா காலைப் பூசைக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கியிருந்தார். விடியப் போய், வெயில் ஏற வருவார்.

ஒரு சனிக்கிழமை, அப்பா பூசைக்குப் போயிருந்த நேரம், தொட்டியின் அடியைத் துப்புரவாக்கக் கை விட்டபோது கடையில் வாங்கிய ஆற்று மணலுக்குக் கீழே என்னவோ கரடுமுரடாக விரலில் இடறியது. வெளியே எடுத்தேன். முருகைக்கல், கடலுக்குள் வளருகிற அந்த வெள்ளைக் கல். இன்னும் கிளறினேன். சிப்பிகள், சோகிகள், மறுபடி முருகைக்கல் என்று மணலுக்கு அடியில் ஒரு சின்னக் கடற்கரையே புதைந்திருந்தது. சுருவத்துக்குப் பின்னாலிருந்து போத்தலை எடுத்து ஒரு கல்லின்மேல் ஒரு துளி விட்டேன். அது வெள்ளையாகப் பொங்கி, சீறி நுரைத்தது. எல்லாம் சுண்ணாம்பு. நான் ஊற்றிய அசிட்டையெல்லாம் இந்தக் கல்லுத்தான் தின்றுகொண்டிருந்தது. பெட்டிக்கு முன்னால் இருக்கிற ஆள் ஒருவர்தான். மீன் செத்தால் யாருக்கு விடுதலை என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா படலையைத் திறந்து வந்தபோது சாரத்தின் கீழ்ப்பகுதி முழங்கால் அளவுக்கு நனைந்திருந்தது. அதை நான் எத்தனையோ காலைகளில் கண்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். கல்லை அவருக்கு முன்னால் போட்டேன்.

"வேணுமெண்டேதானே உதைப் போட்டனீங்கள்? மீன் எல்லாம் செத்தால் கடலுக்குப் போகலாம் எண்டுதானே?"

"விசர்க் கதை கதையாதை பிள்ளை" என்றார் அப்பா. ஆனால் அவருடைய குரலில் பலம் இருக்கவில்லை. கதிரையில் இருந்து, கல்லைக் கையில் எடுத்துத் தடவினார். "அதுகள் வாடிப்போய்க் கிடந்துதுகள். ஒரு பிடி கடல் உள்ளுக்குக் கிடந்தால் தெளியும் எண்டு நினைச்சன்."

"அது ஆத்து மீன் அப்பா! கடலைக் கண்டதேயில்லை!"

"கண்டதேயில்லையோ?" என்று கேட்டார். தெரிந்த வீட்டில் நடந்த ஒரு கெட்டதை விசாரிப்பவர்போலக் கேட்டார். பிறகு பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கோபத்தோடு நின்ற எனக்கு அந்தக் கேள்வியில் கோபம் முழுவதும் வடிந்துபோய், அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அழுதேன். அப்பா அந்த மீன்களைக் கொல்லப் பார்க்கவில்லை. தனக்கு என்ன வேண்டுமோ அதை அவற்றுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து வந்த அம்மாவுக்கு நனைந்த சாரம் ஒன்றே போதுமாக இருந்தது. "அப்ப பூசைக்குப் போகேல்லையோ? கரைக்கோ போனனீங்கள்? தண்ணிக்குள்ளையோ நிண்டனீங்கள்?" என்றார். அப்பா, "முழங்கால் அளவிலைதான் நிண்டனான்" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "எனக்கு ஏலாதப்பா. இந்த வீட்டுக்கை எனக்கு மூச்சு முட்டுது. திங்கட்கிழமை தேவதாசோடை இறங்கப் போறன்" என்றார். எங்கள் பக்கத்தில் புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் "இஞ்சேரப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த "அப்பா" அவ்வளவு கெஞ்சலாக ஒலித்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அம்மா திரும்பிப் போய் மாதாவின் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். தங்க நிறமாக மினுங்கிய அந்தத் தகரக் கிரீடம் கரிச்சட்டியின் அடியைப்போலக் கறுத்துக் கிடந்தது. "இஞ்சை பாருங்கோ. கொஞ்ச நாளாய்க் கறுத்துக்கொண்டு வருது. சொன்னால் மனம் பயப்படும் எண்டு சொல்லாமல் வைச்சிருந்தனான். மாதா காட்டுறா. இறங்கினால் திரும்பமாட்டியள்" என்றார்.

"அம்மா, அது அசிட் புகை! போத்தல் பின்னாலைதானே நிண்டது! மூடியைப் பாருங்கோ, அதுவும் அரிச்சுப்போய்க் கிடக்குது!" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"வாயை மூடடி" என்றார் அம்மா.

அப்பா கிரீடத்தை வாங்கினார். பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். எஞ்சினோடும் பற்றரியோடும் காலம் தள்ளிய மனிதர். எது உப்புக் காற்றில் அரித்தது, எது அசிட்டில் அரித்தது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா நின்ற நிலையைப் பார்த்தார். வெறுங்கை, முந்தானை நிலத்தில் இழுபட, கண் இமைக்காமல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்" என்றார் அப்பா. "மாதாதான் காட்டியிருக்கிறா. இனி வள்ளத்திலை கால் வைக்கமாட்டன்."

கிரீடத்தில் கை வைத்துச் சத்தியமும் செய்து கொடுத்தார். அம்மா விம்மிக்கொண்டு குசினிக்குள் போனதும், சுருவத்துக்குப் பின்னாலிருந்த போத்தலை எடுத்து, அரித்துப்போன மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு பிளாஸ்ரிக் மூடியைத் தேடி இறுக்கிப் பூட்டிக் கொண்டுபோய்க் கிணற்றடிச் சுவரில் வைத்தார்.

வள்ளமும் எஞ்சினும் மாமாவிடம் போயின. கல்லும் சிப்பியும் வெளியே போனதும் தொட்டித் தண்ணீர் சொன்ன சொல்லுக் கேட்டது. மீன்கள் செட்டையை விரித்தன, பிறகு இலையொன்றில் முட்டையும் இட்டன. அம்மா காவல் இருக்க அப்பாவே சோதிக்கப் பழகிக்கொண்டார். சனிக்கிழமைகளில் கிணற்றடியில் குந்தியிருந்து, செவ்வரத்தம்பூவைப் பிசைந்து, துளி விட்டு, சிவந்ததும் எனக்கு எடுத்துக் காட்டுவார். ஏஞ்சல் குஞ்சு வாங்க வெளியூரிலிருந்தும் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒழுங்கைக்குள் யாரும் பிறகு கேலி செய்யவில்லை. நல்ல மனிதராக, சத்தம் போடாத மனிதராக, மருந்தை நேரத்துக்குக் குடிக்கிற மனிதராக அவர் பல வருடம் எங்களோடு இருந்தார். யன்னலை மட்டும் திறப்பதில்லை. காற்று எந்தப் பக்கம் என்று கேட்பதும் நின்றுபோனது. நான் பரீட்சை பாஸ் பண்ணியதையும் கலியாணம் கட்டியதையும் பார்த்துவிட்டு, நெஞ்சு வருத்தத்தில், அம்மா பக்கத்தில் இருக்க, கட்டிலில் கண்ணை மூடினார். கடலில் இல்லை.

நான் இப்போது மானிப்பாயில் இருக்கிறேன். அசிட்டை இன்று யாரும் சாராயப் போத்தலில் ஊற்றித் தருவதில்லை, எச்சரிக்கைப் படம் ஒட்டிய பிளாஸ்ரிக் போத்தலில் வருகிறது. மீன் வளர்க்கும் பிள்ளைகள் கடையில் விற்கும் கடதாசிக் கீலத்தைத் தண்ணீரில் தோய்த்து நிறம் பார்த்துவிடுகிறார்கள், கிணற்றடியில் வாளியோடு காவல் நிற்க ஒரு தாய் தேவையில்லை. குருநகர் ஒழுங்கையில் செவ்வரத்தை வேலிகள் போய் மதில்கள் எழும்பிவிட்டன. பேருந்து நிலையத்துக்குக் கிட்ட இருந்த மீன் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். அந்த வீட்டிலேயே இருக்கும் அம்மா, கண்ணாடிப் பெட்டியில் கோழிக்குஞ்சு விட்டிருக்கிறார்.

போன மாதம் அப்பாவின் ஆண்டுப் பூசைக்குப் போய்விட்டு வந்து குருநகர் வீட்டில் இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்தாளை நான் கடலுக்கு விட்டிருக்கலாமோ பிள்ளை?" என்று கேட்டார். நான் பதறிப்போய், "என்னம்மா கதைக்கிறியள்? நீங்கள் மறிச்சபடியாத்தானே அப்பா அவ்வளவு காலம் எங்களோடை இருந்தவர்?" என்றேன்.

"உனக்கு அப்பா இருந்தார், அது சரி" என்றார் அம்மா. "நான் கட்டின மனுசன் அந்தச் சனிக்கிழமையே போயிட்டார்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, எழும்பிப் போய் கடற்கரைப் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டார்.